விரல் நீள மெழுகு

பிரான்ஸ் தேசத்தில் இனி ஒரு பேய் பிறப்பதென்றால் அது கஸ்பார் திக்கோவின் மைப்புட்டியிலிருந்துதான் பிறந்தாக வேண்டும். வேறு வழி கிடையாது. இதைச் சொன்னது யாரோ விமர்சகர் அல்ல, கஸ்பார் திக்கோவேதான். சொன்ன இடம் உவெஸ்ஸான் தீவில், லம்போல் ஊரின் கோயிலுக்கு எதிரே இருந்த ஃபிலோமெனின் சாராயக்கடை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நாட்டின் எல்லைகளை வாசித்துக் காட்டும் அதிகாரியைப்போல நின்றுகொண்டு சொன்னான்.

"பழைய பேய்ங்கள்லாம் புரட்சியோட ஒழிஞ்சுது. ராஜாவோட தலை போன அன்னிக்கே அதுங்களுக்கும் வேலை போச்சு. மிச்சம் இருந்ததை நம்ம கலங்கரை விளக்கம் விரட்டிடுச்சு. இன்னைத் தேதிக்கு பேய்க்குன்னு நிரந்தர உத்தியோகம் ஒண்ணு இருக்குன்னா, அது இலக்கியத்துல மட்டும்தான்."

கடையிலிருந்த ஏழெட்டுப் பேரும் மறுக்கவில்லை. மறுக்கக்கூடிய ஆட்கள் அன்று கரையில் இல்லை. தீவில் ஆண்பிள்ளை என்று சொல்லிக்கொள்ள சாமியார், வாத்தியார், விளக்குக் காவலர்கள், கப்பலில் காலம் தள்ளிவிட்டு வந்து கணப்போரம் உட்கார்ந்திருக்கும் ஓய்வுக்காரர்கள், இவ்வளவு பேர்தான். மற்ற எல்லோரும் கடலில் இருந்தார்கள். சிலர் அதன் மேலே, சிலர் அதன் கீழே. உழுவது, விதைப்பது, அடுப்பெரிக்கப் புல்வேர் மண்டிய மண்ணைப் புல்கட்டியாக வெட்டிக் காய வைப்பது, வீட்டை ஆள்வது எல்லாம் பெண்கள். அவர்களுக்குப் பேயைப் பற்றி வாதாட நேரமில்லை.

ஃபிலோமென் மட்டும் கோப்பையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அப்ப உங்க பேய்ங்களுக்கு ஓய்வுச் சம்பளம் உண்டா வாத்தியாரே?"

"உண்டு. வருஷக் கடைசியில தொகுத்துப் புஸ்தகமாப் போடுவாங்க."

"நல்ல எடம்."

"நீ கிண்டல் பண்றே. கேட்டுக்க. பேய் வாசப்படியைத் தாண்டி உள்ள வந்துடுச்சுன்னா அது விருந்தாளி. நாற்காலி போடணும், சூப்பு ஊத்தணும். வரவே இல்லேன்னா அது வெறுங்காத்து. வாசப்படியிலயே நிக்கணும். உள்ளயா வெளியயான்னு படிக்கிறவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியக்கூடாது. அங்கதான் இலக்கியம் நிக்குது."

"இந்தக் குளிர்லயா? ஜன்னி கண்டுடும் பாவம், ஏதாவது போர்த்தி விடுங்க," என்றாள் ஃபிலோமென்.

கஸ்பாருக்கு முப்பத்தொரு வயது. ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் வாத்தியார் அவன். குடியரசின் வழக்கப்படி வாத்தியாரே ஊராட்சி எழுத்தரும் என்பதால், ஒரே கட்டடத்தில் இரண்டு கதவுகளுக்கு நடுவில் ஒரு கணப்பை வைத்துக்கொண்டு இரண்டு உத்தியோகமும் பார்த்தான். மாலையில் மூன்றாவது உத்தியோகம். பாரிஸிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகைக்கு அமானுஷ்யக் கதைகள் எழுதுவது. அதன் ஆசிரியர் மாதம் ஒரு கடிதம் போடுவார். எல்லாக் கடிதங்களிலும் ஒரே கோரிக்கை, இன்னும் கொஞ்சம் மூடுபனி. தீவில் மூடுபனிக்குப் பஞ்சமில்லை. அவன் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினான்.

அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கதையின் கரு ஊரிலிருந்தே எடுத்தது.

தீவில் சாவு இரண்டு விதம். உடம்போடு சாவது, உடம்பில்லாமல் சாவது. கடலில் போனவனின் உடம்பு கிடைக்காது. ஆகவே விரல் நீளத்துக்கு மெழுகில் ஒரு சிலுவை செய்வார்கள். அதுதான் உடம்பு. வீட்டு மேஜையில் வெள்ளைத்துணி விரித்து அதைக் கிடத்தி இரவெல்லாம் செபம் சொல்வார்கள். மறுநாள் சாமியார் முன்னே நடக்க, செத்தவனுக்கு ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்ற ஞானத்தகப்பன் தொப்பியில்லாத தலையோடு அதை ஏந்திக்கொண்டு கோயிலுக்குப் போவான். முழுப் பூசை, முழு மணி. பிறகு கல்லறைத் தோட்டத்திலுள்ள சின்ன மண்டபத்தில் மற்ற மெழுகுகளோடு அதையும் சேர்த்துவிடுவார்கள். இதற்கு ப்ரோயெல்லா என்று பெயர். இது நடக்காதவரை செத்தவன் வீட்டுக்கு வழி தெரியாமல் அலையோடு அலைவான்.

செய்தி சொல்வதற்கும் முறை உண்டு. கடிதம் வந்தாலும், தந்தி வந்தாலும், ஊர் முழுக்கத் தெரிந்தாலும், ஞானத்தகப்பன் வாய் திறக்கும்வரை அந்த வீட்டில் யாரும் மூச்சுவிடக்கூடாது. அவன் பொழுது சாயும் நேரத்தில் போவான். ஜன்னல் கண்ணாடியை மூன்று தரம் தட்டுவான். "இன்னிக்கு உன் வீட்ல ப்ரோயெல்லா, என் பாவப்பட்ட பிள்ளே" என்பான். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

"அந்த வரியில ஒரு உவமை உண்டா? ஒரு திருப்பம் உண்டா?" என்று இதே கடையில் நின்று கஸ்பார் கேட்டிருக்கிறான். "மூணாம் வகுப்புப் பையன் எழுதினா முட்டை போடுவேன். அப்புறம் அந்த மெழுகு! நான் தினம் சாயங்காலம் ஒரு முழு மெழுகுவர்த்தியை எரிக்கிறேன். அப்படிப் பார்த்தா வாரத்துக்கு ஏழு சாவு என் மேஜையில. மணியடிக்க ஆள் போதாது."

கதையில் அவன் செய்தது இவ்வளவுதான். ஒரு மாலுமிக்கு ப்ரோயெல்லா நடக்கிறது. செபம் பாதியில் இருக்கும்போது கதவு திறக்கிறது. அதே மாலுமி, சொட்டச் சொட்ட நனைந்தபடி வாசற்படியில் நிற்கிறான். பத்தொன்பது மாதம் கழித்து வருகிறான். உள்ளேயிருந்து சொல்கிறார்கள்: கொஞ்சம் பொறு, செபம் முடியட்டும். மறுநாள் அவனும் தன் ஊர்வலத்தில் கடைசி ஆளாக நடக்கிறான். அவன் ஆளா ஆவியா என்று கதை சொல்லவில்லை. பாரிஸ் சிரித்தது, பிறகு விளக்கைத் தூண்டிக்கொண்டது. ஆசிரியர் மூடுபனி போதும் என்று முதல்முறையாக எழுதினார்.

தீவில் அதை முழுக்கக் கேட்டவள் ஒருத்திதான். கஸ்பாரின் தம்பி மனைவி கொராந்தின். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஃபிலோமென் வாசித்துக் காட்டினாள். கொராந்தின் சிரிக்கவுமில்லை, பயப்படவுமில்லை. முகம் தெளிந்துவிட்டது. அதை அவள் செய்தியாக எடுத்துக்கொண்டாள்.

தம்பி கெனோலே அதற்குள் புறப்பட்டு ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 'பொறுமை' என்று பெயரிட்ட மூன்று கொடிமரக் கப்பலில் சிலி தேசத்துக்குப் போனவன். வால்பரைசோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதோடு சரி.

கெனோலேக்கு ஞானத்தகப்பன் கஸ்பார்தான். குடும்பத்தில் கரையிலிருந்த ஒரே ஆண்பிள்ளை என்பதால் ஒன்பது வயதிலேயே அவனை அந்தப் பதவியில் அமர்த்தினார்கள். ஞானஸ்நானத் தொட்டியருகே தம்பியை ஏந்திக்கொண்டு நின்றதில் அவனுக்கு ஞாபகமிருப்பது ஒன்றே ஒன்று. குழந்தை கனமாக இருந்தது. கை வலித்தது. கீழே போட்டுவிடுவோமோ என்று பயந்து பயந்து கையை மாற்றிக்கொண்டே இருந்தான்.

அந்த அக்டோபர் மாதச் செவ்வாய்க்கிழமை, தபால் படகு ப்ரெஸ்ட் துறைமுகத்துக் கடற்படை அலுவலகத்திலிருந்து முத்திரையிட்ட ஓர் உறையைக் கொண்டுவந்தது. மேயருக்குக் கண் மங்கல், ஆகவே கடிதங்களை எழுத்தர்தான் பிரிப்பார். கஸ்பார் பிரித்தான்.

'பொறுமை' கப்பல் பிப்ரவரி பதினொன்றாம் தேதி தென்னமெரிக்காவின் தென்முனைக்கு அருகே வேறொரு கப்பலால் காணப்பட்டது. அதன்பின் தகவல் இல்லை. ஆட்களோடும் சரக்கோடும் மூழ்கிவிட்டதாகக் கருதப்படுகிறது. கீழ்க்கண்டவரின் குடும்பத்துக்குத் தக்க முறையில் தெரிவிக்கவும்: திக்கோ, கெனோலே, வயது இருபத்திரண்டு.

கஸ்பார் அதை இரண்டாம் முறை படித்தபோது 'கருதப்படுகிறது' என்ற சொல்லில் கண் நின்றது. செத்தான் என்று சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. வாசற்படியில் நிறுத்திவிட்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இந்த நாட்டிலேயே ஆகச் சிறந்த அமானுஷ்ய உரைநடை எழுதுகிறவர் கடற்படை அலுவலகத்து எழுத்தர் ஒருவர்தான் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக உடனே வெட்கப்பட்டான். உறையை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினான். பக்கத்து அறைக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு நதிகளின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தான். அன்று ஒரு நதியையும் கடல்வரை கொண்டுபோகவில்லை.

தக்க முறையில் தெரிவிக்கவும். அவனுக்கு அதில் குழப்பமே இல்லை. பட்டப்பகலில் போவான். நாற்காலியில் உட்கார்வான். நேரான வார்த்தையில், படித்தவன் சொல்கிறபடி சொல்வான். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தான். புதனும் போயிற்று.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை. கொராந்தின் வழக்கம்போல ஒரு கூடை உருளைக்கிழங்கோடு வந்தாள். தீவின் பெண்களைப்போலத் தோளளவு வெட்டி விரித்துவிட்ட முடி, கறுப்பு உடுப்பு, கையில் மண். இருபத்துமூன்று வயது.

"அத்தான், இருக்கீங்களா? மறுபடியும் எழுத்தா? கண்ணு போயிடும்."

"வாம்மா."

கூடையை இறக்கிவிட்டு அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "அந்தக் கதைல வர்ற ஆளு எத்தனை மாசம் வெளிய இருந்தான்?"

"பத்தொம்போது."

"நம்ம ஆளு போயி பதினாறுதான் ஆகுது." விரல்விட்டு எண்ணினாள். "இன்னும் மூணு இருக்கு."

"கொராந்தின், எத்தனை தடவை சொல்றது? அது கதை. நான் உக்காந்து கட்டினது."

"கட்டாம எழுத முடியுமா, அது எனக்குத் தெரியாதா? ஆனா அடியில ஒண்ணுமே இல்லாமலா பாரிஸ்காரன் அச்சடிப்பான்? காகிதம் என்ன அவன் வீட்டுக் கொல்லைலயா முளைக்குது?"

அவன் பேனாவைக் கீழே வைத்தான். அவள் கணப்புப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மெழுகுவர்த்தித் திருநாள் முடிஞ்சு பத்துப் பதினஞ்சு நாள் இருக்கும். படுக்கையோட கால்மாட்டுல தண்ணி சொட்டுற சத்தம். டொக், டொக்னு. எந்திரிச்சுப் பாத்தா தரை காய்ஞ்சு கிடக்கு. வெளிய மழையும் இல்லை. அக்கம்பக்கத்துல சொன்னா மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க, அது கெட்ட அறிகுறியாம். ஆனா உங்க கதைல அந்த ஆளும் சொட்டச் சொட்டத்தானே வந்தான்? அப்ப அது நல்ல அறிகுறிதானே அத்தான்?"

மெழுகுவர்த்தித் திருநாள் பிப்ரவரி இரண்டு. கஸ்பார் கூட்டிப் பார்க்காமலிருக்க முயன்றான். கூட்டல் தானாகவே நடந்தது. முழங்கை இழுப்பறையின் மேல் இருந்தது, அதை எடுக்கத் தோன்றவில்லை.

"தேதி ஞாபகமிருக்கா?" என்று கேட்டான்.

"தேதி யாருக்குத் தெரியும்? குளிரா இருந்துச்சு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு. ரெண்டு நாளா ஊர்ல எல்லாரும் என்கிட்ட ரொம்ப நல்லவங்களா இருக்காங்க. மேலவீட்டுக்காரி வேலிச் சண்டையில ஆறு வருஷமா என்னோட முகம் குடுத்துப் பேசினதில்லை. நேத்து என் ஆடு அத்துக்கிட்டு ஓடினதை அவளே தேடிப் பிடிச்சுக் கட்டிட்டுப் போயிருக்கா. எனக்குப் பயமா இருக்கு அத்தான்."

"ஆட்டைக் கட்டினதுக்கு என்ன பயம்?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியலேன்னா பயமில்லை." அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீங்கதான் ஞானத்தகப்பன். அதுவும் இந்த ஜன்னல் தட்டுற வழக்கமெல்லாம் உங்களுக்கு ஆகாது. ஏதாவது வந்திருந்தா பொழுது சாயட்டும்னு காத்திருப்பீங்களா? காலையிலயே வந்து பட்டுனு சொல்லியிருப்பீங்க. சொல்லலை. அப்ப ஒண்ணும் வரலை. அப்படித்தானே?"

"அப்படித்தான்," என்றது கஸ்பாரின் வாய்.

அவள் கூடையைக் காலி செய்துவிட்டு, லேசாக ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே போனாள். பாடுவதை நிறுத்தியிருந்தவள் அவள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளை முன்னதாகவே அனுப்பிவிட்டு அவன் வயலுக்குப் போனான். நல்ல வெயில், நல்ல காற்று. மனிதன் மனிதனிடம் நேராகப் பேசுவதற்கென்றே அமைந்த நாள். கொராந்தின் காய்ந்த புல்கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் தொண்டையைச் செருமினான்.

"கொராந்தின், தென்முனையைச் சுத்தி வர்ற கப்பல்களை எடுத்துக்கிட்டோம்னா, நூத்துக்கு இத்தனைன்னு ஒரு..."

"என்ன அத்தான், லீவு விட்டுட்டு எனக்குக் கணக்குப் பாடமா?" அவள் சிரித்தாள். "கை சும்மாதானே இருக்கு, அந்தப் பக்கம் புடிங்க."

அவன் பிடித்தான். இருவரும் அடுக்கினார்கள். வீட்டில் உருளைக்கிழங்கும் உப்புமீனும் புல்கட்டித் தணலுக்கடியில் காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தன, தின்னாமல் போகக்கூடாது என்றாள். தட்டில் போடும்போது அவளுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. தீவில் பெண்தான் போய்ப் பெண் கேட்பாள், அதாவது மாப்பிள்ளை கேட்பாள். பன்றிக்கறித் துண்டொன்றைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைப்பாள். தின்றால் சம்மதம்.

"ஞாபகமிருக்கா? உங்க தம்பி ஒரு துண்டு மிச்சம் வைக்கலை. நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தீங்க. ஒரு வாய் குடுக்கணும்னு தோணலையே அவருக்கு!"

"எலும்பைக் கேட்டேன். அதையும் குடுக்கலை," என்றான் கஸ்பார்.

"வரட்டும், கேப்போம்."

அவன் தட்டைக் காலி செய்தான். சொல்வதற்கென்று கொண்டுபோனதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான்.

திரும்பும் வழியில்தான் கவனித்தான். வழியிலிருந்த வீடுகளில் பெண்கள் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தார்கள். அவன் முகத்தில் எதையோ தேடினார்கள். கிடைக்காமல் மறுபடி குனிந்தார்கள். ஒருத்தியும் வணக்கம் சொல்லவில்லை.

ஃபிலோமெனின் கடையில் அவன் கோப்பையைக் காட்டினான். அவள் புட்டியை எடுக்கவில்லை.

"ஊத்து."

"ஊத்த மாட்டேன். செவ்வாய்க்கிழமையிலேர்ந்து தீவு மொத்தமும் மூச்சை அடக்கிக்கிட்டுக் கிடக்கு. நீங்க ஒருத்தர்தான் தாகம் தீத்துக்கிறீங்க."

"உனக்கு யார் சொன்னது?"

"முத்திரை போட்ட உறை வந்து, நீங்க வேற எந்த ஞானத்தகப்பனையும் கூப்பிட்டு விடலேன்னா, யாரும் சொல்லணுமா? சாமியார் கறுப்பு அங்கியைத் துவைச்சுக் காயப்போட்டாச்சு. அந்தப் பொண்ணு நேத்து இந்த வழியா பாடிக்கிட்டே போனா வாத்தியாரே. பாடிக்கிட்டே! நான் உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டேன்."

"அப்படின்னா நீயே சொல்லேன். நல்ல பழக்கம் உனக்கு அவளோட."

"என் வாயால வந்தா அது வம்பு. உங்க வாயால வந்தாத்தான் அது சாவு."

கஸ்பார் காலிக் கோப்பைக்குள் பார்த்தான். "எப்படிச் சொல்றதுன்னு தெரியலை ஃபிலோமென்."

"பேய்க்கே உத்தியோகம் போட்டுக் குடுக்கிறவருக்கு..." என்று ஆரம்பித்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டாள். துடைத்த கோப்பையையே திரும்பவும் துடைத்தாள்.

அவன் பள்ளிக்கூடத்துக்குப் போய் மேஜைமுன் உட்கார்ந்தான். எழுதிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற முடிவு. எழுத்தாளன் செய்யக்கூடிய நியாயமான காரியம் அதுதான்.

'கடல் தான் எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தருவதில்லை, கொராந்தின்.' நன்றாயிருந்தது. கேட்க நன்றாயிருந்ததுதான் அதன் கோளாறு. அடித்தான். 'நாம் இருவரும் தைரியமாயிருக்க வேண்டிய நாள் இது.' மேயர் பேசுவதுபோலிருந்தது. அடித்தான். 'உனக்கு ஒரு செய்தி.' அதற்குப் பின்னால் அவள் முகம் மலர்வது தெரிந்தது. செய்தி என்றால் அவளுக்கு ஒன்றுதான். அடித்தான். 'என் கதையை நீ நம்பியிருக்கக்கூடாது.' அதை அடிக்கவில்லை, காகிதத்தையே கிழித்தான்.

பதினான்கு தொடக்கங்கள் ஆயின. ஒவ்வொன்றிலும் கஸ்பார் திக்கோ முன்னால் வந்து நின்றுகொண்டு, செத்தவனை மறைத்துக்கொண்டு பேசினான். தள்ளி நில் என்றால் நிற்கத் தெரியாதவனாயிருந்தான். வெளியே வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகத் தொடங்கியது. பதினைந்தாவதாக எழுதியதைப் படித்துப் பார்த்தான். அது அவன் எழுதியதல்ல. அவனுக்கு முன்னால் எத்தனையோ ஞானத்தகப்பன்மார் கண்ணாடியைத் தட்டிவிட்டுச் சொன்னது. உவமை இல்லை, திருப்பம் இல்லை. சொல்கிறவன் ஒளிந்துகொள்ளவோ, தலை காட்டவோ அதில் இடமே இல்லை.

கெனோலே செத்துவிட்டான் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து கடிதத்துக்குத் தெரிந்திருந்தது, ஊருக்குத் தெரிந்திருந்தது. அவனுக்குத் தெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பிள்ளைகளின் மைக்கறை படிந்த பலகை நெற்றியில் குளிர்ந்தது.

பிறகு எழுந்து, எழுதும்போது ஏற்றிவைக்கும் மெழுகுவர்த்தியைத் தாங்கியிலிருந்து பிடுங்கினான். பேனாக் கத்தியால் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு நறுக்கினான். அதில் பாதியளவில் இன்னொன்று. திரி நடுவில் ஓடியதால் குறுக்கே ஒட்டவில்லை. திரியை உருவினான். கணப்பருகே காட்டி இளக்கி, அழுத்தி, ஊதி ஆற்றினான். இரண்டு தரம் உடைந்தது. மூன்றாம் தரம் நின்றது. கொஞ்சம் கோணல். சுத்தமான கைக்குட்டையைத் தேடி எடுத்து அதில் கிடத்தினான். இழுப்பறையைத் திறந்து உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். தொப்பியை ஆணியிலேயே விட்டுவிட்டான்.

வெறுந்தலையோடு அவன் வெளியே வந்ததை ஃபிலோமென் தன் ஜன்னலிலிருந்து பார்த்தாள். அவள் விளக்கைத் தணித்து, கடைக்கதவைச் சாத்தி, கறுப்புச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். அவனோடு பேசவில்லை. இருபதடி விட்டுப் பின்னால் நடந்தாள். அடுத்த வீட்டிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். அதற்கடுத்த வீட்டிலிருந்து இருவர். மேலவீட்டுக்காரி ஏற்கனவே வேலியருகே நின்றுகொண்டிருந்தாள். கலங்கரை விளக்கத்தின் ஒளி முதல் சுற்றைச் சுற்றிவிட்டு, கடல்பக்கம் போயிற்று.

கஸ்பாரின் உள்ளங்கைச் சூட்டில் மெழுகு இளக ஆரம்பித்தது. அவன் கையை மாற்றினான். கொஞ்ச தூரம் போய் மறுபடி மாற்றினான். விரல் நீள மெழுகுக்கு எவ்வளவு கனம் இருக்கமுடியுமோ அவ்வளவுதான் இருந்தது. ஆனாலும் கை வலித்தது. கீழே போட்டுவிடக்கூடாதே என்று அடிமேல் அடி வைத்து நடந்தான்.

கொராந்தினின் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. பெண்கள் தாழ்ந்த கல்சுவருக்குப் பின்னால் நின்றுவிட்டார்கள். அவன் தனியாக முற்றத்தைக் கடந்தான். கதவுக்கு முன்னால் ஒரு கணம் நின்றான். வாசற்படிக் கல் நனைந்திருந்தது. மழை இல்லை. அன்று முழுக்க வெயில். கேட்டிருந்தால் அவன் விளக்கம் சொல்லியிருப்பான். கடல்பனி இறங்குகிற நேரம், கல் எப்போதும் முதலில் வேர்க்கும். யாரும் கேட்கவில்லை. அவன் அந்தக் கல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனான்.

மூன்று தரம் தட்டினான்.

உள்ளே பாத்திரத்தில் கரண்டி சுற்றிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. நாற்காலி நகரவில்லை, கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அசையாமல் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"இன்னிக்கு உன் வீட்ல ப்ரோயெல்லா," என்றான். குரல் உடையவில்லை. உடைய வேண்டிய இடம் அதில் இல்லை. "என் பாவப்பட்ட பிள்ளே."

சுவருக்கப்பால் பெண்கள் முழந்தாளிட்டார்கள். வீட்டுக்குள் மேஜையிலிருந்து தட்டை எடுக்கும் சத்தம் வந்தது. பிறகு கோப்பை. பிறகு ரொட்டிப் பலகை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்து அவள் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. துணியை உதறி விரிக்கும் சத்தம்.

கஸ்பார் கைக்குட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கதவுப் பக்கம் வந்தான். கதவு திறக்கும்போது வாசற்படிக்கு நேராக நிற்காமல், ஓர் ஆள் முதலில் நுழைவதற்கு இடம் விட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றான்.